மேற்பார்வையாளரின் கைப்பேசி எண் (கட்டாயம்)

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. பேருந்தில், முன் இருக்கையிலிருந்து காதில் விழுந்தது. ஒரு பெண்மணி கைப்பேசியில் யாரோ ஒருத்தியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நாத்தனாராக இருக்கும் என்று நினைத்தேன். அழைப்பு முடிந்ததும் பக்கத்திலிருந்த மகளிடம் சொன்னாள்: "என்னைப் பத்திதான்டி விசாரிச்சாங்க."

இருபத்தாறு தொடர்கதைகளில் இப்படிப்பட்ட முடிச்சைக் கடைசி வாரம்வரை பொத்திப் பொத்தி வைத்தவன் நான். இந்த முறை முதல் பத்தியிலேயே அவிழ்த்துவிட்டேன். கதை அந்த முடிச்சில் இல்லை.

2

ஆரம்பம், முதல் முயற்சி: கிடங்கின் இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. இருளில் ஒரு நிழல்...

(வேண்டாம். அந்தக் கிடங்கு மூடிப் பூட்டுப் போட்டாயிற்று. கதவு எப்படித் திறக்கும்?)

இரண்டாம் முயற்சி: அவளுக்கு வயது நாற்பத்தாறு. குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் பதினான்கு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள். முன்னால் நீட்டிய இரண்டு இரும்புக் கொம்புகளால் சரக்கைத் தூக்கி, மூன்றாள் உயரத்துக்கு அடுக்கும் வண்டி. கூட வேலை பார்த்தவர்கள் அவளைக் கொம்பக்கா என்றார்கள்.

கிடங்கு மூடிய பிறகு நான்கு மாதத்தில் பதினொரு விண்ணப்பம். எல்லாம் இணையத்தில். பதினொன்றுக்கும் 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வருந்துகிறோம்.' ஒன்று நான்கே நிமிடத்தில் வந்தது.

"நாலு நிமிஷத்துல என் பதினாலு வருஷத்தை எவன்டி படிச்சான்?"

"ஆள் படிக்கறதில்லைம்மா. மெஷின் படிக்குது."

"மெஷினா? அப்ப என்கிட்ட குடு, ஓட்டிக் காட்டறேன்."

பன்னிரண்டாவது விண்ணப்பமும் போனால் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவதாக மகள் சொல்லியிருந்தாள். போய்ப் பார், காலை ஒடிக்கிறேன் என்று இவளும் சொல்லியிருந்தாள். இருவருமே விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

3

பன்னிரண்டாவது விண்ணப்பத்தில் ஒரு பெட்டி. முந்தைய மேற்பார்வையாளரின் எண்ணைப் போடாவிட்டால் கடைசிப் பொத்தானை அமுக்கவே முடியாது. அந்த மனிதரோ கிடங்கு மூடுவதற்கு மூன்று மாதம் முன்பே வேறிடம் போய்விட்டார். அவர் எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

"மாமா நம்பரைப் போட்டுடலாம்மா. அவர் நல்லா பேசுவாரு."

"உங்க மாமாவா? அவர் வாயைத் திறந்தா நான் விமானமே ஓட்டியிருப்பேன்."

"வேற யார் இருக்கா?"

"கடைசி மூணு மாசம் சூப்பர்வைசர் வேலையைப் பாத்தது யாரு? வருகைப் பதிவுல யார் கையெழுத்து? கடைசி நாள் சாவியை ஒப்படைச்சது யாரு?"

மகள் திரையிலிருந்து நிமிர்ந்தாள். "அம்மா, விளையாடாத."

"என் ரெண்டாவது சிம் நம்பரைப் போடு."

* என் பத்திரிகை ஆசிரியர் இந்த இடத்தில் ஓரத்தில் எழுதுவார்: 'கதாநாயகி ஏமாற்றலாமா?' எங்கே ஐயா ஏமாற்றினாள்? பெட்டி கேட்டதைக் கொடுத்தாள்.

4

அழைப்பு வந்தது. அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்தி, குரலை ஆண் குரலாக

(அடித்துவிட்டேன். பதினான்கு வருடம் குளிரூட்டியின் இரைச்சலுக்கு மேல் பேசிய குரல் அது. கைக்குட்டைக்கெல்லாம் அடங்காது.)

கேட்டது கேட்டபடி எழுதுகிறேன். எதிர்முனை சத்தமாகவே பேசியது.

"நேரத்துக்கு வருவாங்களா?"

"வருவா. ஒரே ஒரு நாள் லேட். பொண்ணுக்குக் காய்ச்சல்."

"விபத்து ஏதாவது?"

மகள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஒண்ணு சார். பின்னால எடுக்கும்போது ரேக்குல இடிச்சா. மூணு பெட்டி போச்சு. யாரும் பாக்கலை. அவளே எழுதிக் குடுத்தா."

"மேலதிகாரிங்களோட எப்படி?"

"வாய் கொஞ்சம் நீளம். அளவுக்கு மேல ஏத்தச் சொன்னா வண்டியை நிறுத்திட்டு இறங்கிடுவா. ஆனா வண்டி அவ பேச்சைக் கேக்கும்."

"நீங்களா இருந்தா மறுபடி வேலைக்கு எடுப்பீங்களா?"

அவள் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"அதை நேர்ல வந்து சொல்றேன் சார்."

அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்; முன்கதை, இறங்கும்வரை அவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து கோத்தது. இனி என் சொந்தச் சரக்கு.

5

விண்ணப்பித்த கம்பெனியின் வாசலில் காவலாளி மறித்தார். "எல்லாரும் ஆன்லைன்லதான்மா போடறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"ஆமாங்க. ரெண்டு. ஒவ்வொண்ணும் நாலடி."

சிரித்ததில் அவர் கை தடுப்பிலிருந்து நழுவியது.

ஆள் சேர்க்கும் அதிகாரி இளைஞன். கணினியில் அவளுடைய விண்ணப்பம் திறந்தே இருந்தது. அவள் "வணக்கம் சார்" என்றதும் மவுஸை நகர்த்திய கை நின்றது. திரையிலிருந்த படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அப்ப போன்ல பேசின சூப்பர்வைசர்..."

"நான்தான்."

"உங்களைப் பத்தி நீங்களே சொல்லிக்கறதா?"

"நல்லதை மட்டுமா சொன்னேன்? இடிச்சதையும் சொன்னேனே. வேற யார் நம்பரைக் குடுத்திருந்தாலும் அது உங்க காதுக்கு வந்திருக்குமா?" ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். "வண்டி நிக்குது. சாவி உங்க மேஜையில இருக்கு. பத்து நிமிஷம் குடுங்க. அப்புறம் எத்தனை பெட்டி வேணாலும் நிரப்பிக்குங்க."

6

முடிவு அ: அவன் சாவியை நீட்டினான். அவள் முட்டை அடுக்கியதுபோல

முடிவு ஆ: அவன் காவலாளியைக் கூப்பிட்டான்.

முடிவு இ (ஆசிரியர் கேட்பது): அந்த வழியாகத் தற்செயலாக வந்த முதலாளி

மூன்றையும் கிழித்தேன். பதினொரு இடத்தில் அவளைப் பார்க்காமலே முடிவு எழுதினார்கள். நானும் பேருந்தில் அவள் பின்னங்கழுத்தைத்தான் பார்த்தேன். பன்னிரண்டாவது ஆளாக அந்த வேலையை நான் செய்ய மாட்டேன். வேண்டுமானால் ஆசிரியர் என் கதையை நிராகரித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் வந்து அந்த அதிகாரியின் நாற்காலியில் உட்காருங்கள். திரையில் ஒரே ஒரு பெட்டி பாக்கி: 'மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?' அதை நிரப்பும் அவசரத்தில் எதிரே நிற்பவளை உட்காரச் சொல்ல மறந்துவிட்டீர்கள்.

பரவாயில்லை. அவளே உட்கார்ந்துவிட்டாள்.