சரயேவோவில் திரும்பிய கார்

நான் புஸ்பவதி. டோர்ட்மண்டில் பதினொரு வருடம் பேருந்து ஓட்டினேன். இனியும் ஓட்டினால் இடுப்பு எழும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஒரு கதிரை காலியானது. வீதி மறிபட்டால் சாரதிகளுக்கு மைக்கில் மாற்றுப்பாதை சொல்கிற வேலை. ஆனால் அதற்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டுமாம். என் பள்ளிப் படிப்பை ஊரில் நடந்த போர் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியிருந்தது. எனவே நாற்பத்தேழு வயதில் மாலைப் பள்ளிக்குப் போனேன். எல்லாப் பாடமும் தேறி, சரித்திர வாய்மொழிப் பரீட்சை மட்டும் மிச்சமிருந்தது. முதலாம் உலகப் போர் எப்படித் தொடங்கியது என்பதுதான் முன்கூட்டியே தந்த கேள்வி.

எனக்குத் தெரிந்த படிப்பு பாடமாக்குவதுதான். விடையைக் கொப்பியில் நான்கு பக்கம் எழுதி, அப்படியே விழுங்கினேன். நான் சமைக்கும்போது என் கணவர் தபோதரன் குசினியில் கொப்பியோடு நிற்பார். ஒரு சொல் தப்பினாலும் திரும்ப முதலிலிருந்து சொல்லவேண்டும். மனுசனுக்கு அதில் அப்படியொரு சந்தோசம்.

பரீட்சையன்று கடகடவென்று தொடங்கினேன். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினான்கு, ஜூன் இருபத்தெட்டு, சரயேவோ நகரம், ஆஸ்திரியப் பட்டத்து இளவரசரும் மனைவியும். மூன்றாவது வசனத்தில் பரீட்சகர் அம்மா கையை உயர்த்தினார். பாடமாக்கியது போதும், உங்கள் சொல்லில் சொல்லுங்கள் என்றார்.

அவ்வளவுதான், நான்கு பக்கமும் மறந்துபோனது. கதிரை போச்சு என்று நினைத்தேன். அவர் இரக்கப்பட்டு, இளவரசரின் சாரதி பிழையான வீதியில் திரும்பினார் அல்லவா என்று எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு வந்ததே கோபம். எது பிழைத்தாலும் பழி சாரதி தலையில்தான் விழும். காலையில் இளவரசரின் காருக்கு எறிந்த குண்டு தப்பியதும் பெரியவர்கள் பாதையை மாற்றினார்கள், அதை அந்த மனுசனிடம் யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். அவர் பழைய பாதையில் திரும்பினார். பிழை என்று கத்தினார்கள். பின்னுக்கு எடுக்கக் காரை நிறுத்தினார். அந்த மூலையில் துப்பாக்கியோடு நின்ற ஓர் இளைஞன் இளவரசரையும் மனைவியையும் சுட்டான்.

அந்தச் சூடு ஒன்றுதான் போருக்குக் காரணமா என்று பரீட்சகர் அம்மா கேட்டார். இந்த நாட்டு டொச் மொழியில் நான் சொன்னது எங்கள் பேச்சில் இப்படி வரும்:

“இல்லை. சாரதிக்குப் பின்னுக்கு எடுக்க ஒரு நிமிசமும் கிடைக்கேல்லை. அரசாங்கங்களுக்கு ஒரு மாதம் கிடைச்சது. வியன்னா கெடு வைச்சது, நாங்கள் பின்னால நிக்கிறம் எண்டு பேர்லின் சொன்னது, ரஷ்யா படையைத் திரட்டினது. ஒருத்தரும் பின்னுக்கு எடுக்கேல்லை.”

அவர் குனிந்து நெடுநேரம் எழுதினார். தேறிவிட்டேன். கொப்பியில் இருந்த ஒரு வசனமும் சொல்லவில்லையே என்று தபோதரனுக்குத்தான் இன்னும் கவலை.

கதிரையில் அமர்ந்த முதல் நாளே ஒரு வீதியில் மரம் விழுந்தது. அந்த வழியால் வரவிருந்த ஒன்பது சாரதிகளுக்கும் தனித்தனியாக மாற்றுப்பாதையைச் சொன்னேன். விளங்கியது என்று ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒருதரம் சொன்னால் போதாதா என்று கடைசிச் சாரதி சலித்துக்கொண்டார்.

போதாது என்றேன்.