ஜித்தா கப்பலில் வந்தவர்

வெளிநாடுகளிலிருந்து வந்து மலாக்காவில் சாப்பாட்டுக் கடை வைத்தவர்களின் கதைகளை எழுதித் தரும்படி ஒரு வார இதழின் ஆசிரியர் கேட்டார். நாட்டின் சுதந்திரத்துக்கு வரும் மெர்டேக்கா மலருக்கு. ஆகஸ்ட் மாதம், பள்ளி விடுமுறை. என் மனைவி சந்திரமதி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் இருப்பதற்குப் பதில் இது மேல் என்று ஒப்புக்கொண்டேன்.

நான்காவது கடை காஜா பெராங் தெருவில் யூனுஸுடையது. ஊரில் அவருக்கு மக்கா பாய் என்று பெயர். அவர் சுடும் ரொட்டியும் மனைவி சபியா வைக்கும் ஆட்டுக் குழம்பும்தான் கடை. நோட்டில் 'யூனுஸ், மக்கா' என்று முன்னதாகவே எழுதி வைத்திருந்தேன்.

"அதை அடிச்சிடுங்க வாத்தியார்," என்றார் யூனுஸ். சபியாவிடம் கற்ற தமிழ். "என் ஊரு ஹலப். இப்ப சிரியாங்கிறாங்களே, அங்க. வாப்பா ரொட்டி சுடுறவரு. மக்காவை நான் கண்ணால பார்த்ததில்ல."

சபியா குழம்புக் கரண்டியோடு வந்தார்.

"எழுதாதீங்க தம்பி. முப்பது வருசமா பேசாம இருந்தாக. நாட்டுக்கு மெர்டேக்கா வருதுன்னதும் இவுக வாய்க்கும் மெர்டேக்கா."

"தமிழ்ப் பேப்பரை மலாய்க்காரங்க படிக்கவா போறாங்க?" என்றார் யூனுஸ்.

"பக்கத்துக் கடை முகைதீன் படிப்பான். சாயங்காலத்துக்குள்ள தெங்கேரா பூரா சொல்லிருவான். உங்க ரொட்டிக்கா வர்றாக? மக்காக்காரர்னு புள்ளைக்குத் தண்ணியில ஓதி வாங்க வர்றாக, அப்படியே ரொட்டி வாங்கிட்டுப் போறாக. நாளையிலேருந்து பெஞ்சுல ஈதான் உட்காரும்."

யூனுஸ் அவரைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனார். முதல் உலகச் சண்டையில் பஞ்சம். தம்பிகள் இருவர் பசியில் இறந்தார்கள். சில வருடம் கழித்து வேலை தேடி, மக்காவுக்குத் துறைமுகமான ஜித்தாவுக்கு வந்த மூன்றாம் நாள், ஹாஜிகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் ரொட்டி சுட ஆள் கேட்டார்கள். ஏறிவிட்டார். தெங்கேரா ஹாஜி ஒருவர் அவரைத் தன்னோடு மலாக்காவுக்கு அழைத்து வந்தார். ஹஜ்ஜு முடித்து வருபவர்களின் கையை முத்தமிட ஊரே கூடியிருந்தது. இவர் கையையும் முத்தமிட்டார்கள். 'மக்காவா?' என்றார்கள்.

"கப்பல் அங்கேருந்துதானே வருது. தலையாட்டினேன். மறுநாளே ஒரு அம்மா போத்தல்ல தண்ணி கொண்டுவந்து ஓதித் தரச் சொல்லுச்சு. எப்படி இல்லேங்கிறது?"

"இப்போது ஏன் சொல்கிறீர்கள்?"

அவர் மேசையில் கிடந்த மாவைக் கையால் கூட்டினார்.

"உங்க சம்சாரம் வந்தாங்க. வயித்துல புள்ளை. காலெல்லாம் வீக்கம். ஓதிக் கொடுத்தேன். பத்து நாள்ல மவுத்தாயிட்டாங்கன்னு சேதி வந்துச்சு. மக்காக்காரன் தண்ணின்னு நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்துட்டாங்களோன்னு..."

சபியா கரண்டியை மேசைமேல் வைத்தார். இது அவருக்கும் தெரியாது போலிருக்கிறது.

"ஆஸ்பத்திரிக்குப் போனாள்," என்றேன். "அங்கேதான் இறந்தாள். குழந்தையும்."

யூனுஸ் தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

அப்போது ஒரு மலாய்க்காரப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். கையில் தண்ணீர்ப் போத்தல். குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம். யூனுஸ் போத்தலை வாங்கவில்லை. எழுந்து நின்று மலாயில் சொன்னார்.

"நான் மக்காக்காரன் இல்லை, தங்கச்சி. சிரியாவில் ரொட்டிக்காரன் மகன். முதலில் டாக்டரிடம் போ."

சபியா கண்ணை மூடிக்கொண்டார்.

"டாக்டரிடம் காலையிலேயே போய்விட்டேன்," என்றாள் அவள். "ரொட்டிக்காரர் மகனுக்கு பாத்திஹா ஓதத் தெரியாதா? ஓதுங்கள், ஐயா. வெயில் ஏறுகிறது. ரொட்டியும் நாலு வேண்டும்."

அவர் ஓதினார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார் என்று பிறகு சபியா சொன்னார். அவள் போனதும் சபியா, "நாலு ரொட்டி," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் 'மக்கா'வை அடித்துவிட்டு 'ஹலப்' என்று எழுதினேன். பிறகு யூனுஸிடம் சொன்னேன்.

"அப்போது சந்திரமதிக்கு நாலு நாளாகத் தூக்கமில்லை. உங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு அன்று மதியம் முழுவதும் தூங்கினாள். பாதிப் போத்தல் இன்னும் வீட்டில் இருக்கிறது."

அவர் கையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டார்.

"செடிக்கு ஊத்திடுங்க வாத்தியார். ஓதின தண்ணி, கால் படுற எடத்துல மட்டும் ஊத்தக் கூடாது."

எங்கே ஊற்றுவது என்று தெரியாமல்தான் ஏழு மாதமாக வைத்திருந்தேன்.