பூஜைக்கு வைத்த துப்பாக்கி

"பாப்பாதான் எடுத்தா. நான் பாக்கல."

கவின் இதை ஒன்பதாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பதினொரு வயதுப் பையன். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அப்பா சுந்தரேசன் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தார். மாற்றுத் துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா பிரபா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஹால் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். சுவரில் துப்பாக்கி ரவை பட்ட துளைகள் மட்டும் அப்படியே இருந்தன.

ஹெப்பகோடியில் எட்டுத் தண்ணீர் டேங்கர் லாரி வைத்துத் தொழில் செய்கிற சுந்தரேசனுக்குத் துப்பாக்கி எதற்கு? கேட்டால் லைசென்ஸ் இருக்கிறது என்பார். அதை வைத்து ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. வருஷத்தில் ஒரு நாள், ஆயுதபூஜைக்கு, இறக்கித் துடைத்துச் சந்தனம் வைப்பார். அதிலும் ஒரு சாங்கியம் பாருங்கள்: வெறும் துப்பாக்கியைச் சாமி முன்னால் வைக்கக் கூடாதாம், சோறில்லாத இலை போட்ட மாதிரியாம். அதனால் தோட்டா போட்டுத்தான் வைப்பார். பூஜை முடிந்ததும் ஆண்வாரிசு கையில் எடுத்துக் கொடுப்பார். வீட்டுப் பெண் எதிரே நின்று ஆரத்தி சுற்ற வேண்டும். இந்த வருஷம் எட்டு வயது தாரணி, "நான் சுத்தறேம்மா" என்று ஆசையாகக் கேட்டாள். தட்டைக் கொடுத்தது பிரபாதான்.

கவினின் விரல் எங்கே பட்டதோ, வீடே அதிர்ந்தது.

பிரபா துணிப்பையோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். குழந்தைகள் ஐ.சி.யூ.வில் தாரணி வாயில் குழாயோடு கிடந்தாள். மெஷின்தான் அவளுக்காக மூச்சு விட்டது. வயிற்றில் இரண்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. மூன்று ரவை முதுகுத்தண்டை ஒட்டித் தங்கிவிட்டன, எடுக்கப் போனால் ஆபத்து என்றார் டாக்டர். கிருமி பரவாமல் இருந்தால் பிழைப்பாள், ஆனால் நடப்பாளா என்று இப்போது கேட்காதீர்கள் என்றும் சொன்னார். பிரபா கேட்கவில்லை. போர்வைக்குள் கைவிட்டு மகளின் பாதத்தை அழுத்திப் பிடித்தாள். பாதம் அசையவில்லை.

ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். நல்லவர்கள்தான், அழவும் அழுதார்கள். ஆனால் ஒருவர் தவறாமல் முதலில் கேட்டது, "பையனுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்பதுதான். தாரணியைப் பற்றி அப்புறம்தான் கேட்டார்கள். அவனும் பிரபா பெற்ற பிள்ளைதான். அவனுக்காகத்தான் இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வாக்குமூலம் வாங்க ஒரு பெண் எஸ்.ஐ. வந்தார். வேதநாயகி என்று பெயர், கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழர். அவரைப் பார்த்ததும், அதற்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டிருந்த சுந்தரேசன் மனைவியை மாடிப்படிப் பக்கம் இழுத்துப்போனார்.

"பையன் வாழ்க்கை உன் வாயிலதான் இருக்கு. பாப்பா தானா எடுத்து வெடிச்சுக்கிட்டான்னு சொல்லிடு. அவ கொழந்த, அவள யாரு என்ன பண்ணப் போறாங்க?"

பிரபா நேரே எஸ்.ஐ.யிடம் போனாள். முதலில் அவள்தான் ஒன்று கேட்டாள். அண்ணன்காரன் கை பட்டு வெடித்திருந்தால் அவனை என்ன செய்வார்கள்?

"பதினோரு வயசுப் பையனம்மா. அவன ஜெயில்ல போட மாட்டாங்க. தோட்டா போட்டு வெச்சது யாருன்னுதான் பாப்பாங்க. காலையிலயே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேனே."

காலையிலேயே. பிரபா திரும்பிப் பார்த்தாள். சுந்தரேசன் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனைக் காப்பாற்றுகிறாராம், மகனை! மனுஷன் காப்பாற்றிக்கொண்டிருந்தது தன் தலையை. அதற்குத்தான் வாய் திறக்க முடியாமல் கிடக்கிற பெண்ணின்மேல் பழி. பெண்பிள்ளைமேல் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

"சொல்லு பிரபா, பாப்பாதான எடுத்தா?" என்றார், போனிலிருந்து தலை தூக்காமலே.

"இல்லீங்க மேடம்," என்றாள் பிரபா. "தோட்டா போட்டது இவரு. பையன் கையில குடுத்ததும் இவருதான். தோட்டா இருக்குன்னு தெரிஞ்சே பாப்பாவ எதிர்ல நிறுத்துனது நானு. எங்க ரெண்டு பேரு பேரையும் எழுதிக்குங்க. புள்ளைங்க மேல ஒண்ணும் எழுதாதீங்க."

வேதநாயகி எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினார். "ஏய்" என்று சுந்தரேசன் எழுந்து வந்தார். பிரபா பேனாவை வாங்கினாள்.

முதல் எழுத்தைப் போட்டபோது உள்ளே தாரணியின் மெஷின் கத்தத் தொடங்கியது. நர்ஸ்கள் ஓடினார்கள். இன்னும் இரண்டு எழுத்து பாக்கி. அதைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பிரபா ஓடினாள்.