பட்டியில் அடைத்த சறுக்குக் கட்டைகள்

ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை. பூமியின் தென்பாதியில் அது குளிர்காலத் தொடக்கம். மலுட்டி மலை முழுக்கப் பழுப்புப் புல். அதன் நடுவே, இயந்திரங்கள் துப்பி வைத்த செயற்கைப் பனி ஒரே ஒரு வெள்ளைப் பட்டையாக உச்சியிலிருந்து கீழே இறங்கியது. அகலம் என்று பார்த்தால் இரண்டு பேருந்துகள் ஒதுங்கிப் போகலாம், அவ்வளவுதான். அந்தப் பட்டையில், காலில் சறுக்குக் கட்டை மாட்டிய அறுநூறு பேர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் டர்பனிலிருந்தும் முந்தின நாளே கிளம்பி, எல்லையில் முத்திரை குத்திக்கொண்டு வந்து இறங்கிய கூட்டம். சந்தைக் கூட்டமாவது நின்று விலை கேட்கும். இது நிற்காத கூட்டம். பாதிப் பேருக்கு நிஜமாகவே நிற்கத் தெரியாது.

லிமகாட்சோவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆறு வருஷம் அவர்களுக்கு பூட்ஸ் மாட்டிவிட்டவள் அவள். பூட்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் அறையில் குனிந்த முதுகு நிமிராமல், ஊரார் காலெல்லாம் பிடித்து, நாற்றமெல்லாம் மோந்தாயிற்று. போன வருஷம்தான் மீட்புப் பணிக்கான பரீட்சை எழுதினாள். ஆளைச் சறுக்குப் படுக்கையில் கட்டிச் செங்குத்துச் சரிவில் இறக்கிக் காட்டினாள். இந்த வருஷம் சிவப்பு ஜாக்கெட் கிடைத்தது. முதுகில் வெள்ளைச் சிலுவை போட்ட அந்த ஜாக்கெட்டை அவள் ஊரில் அதுவரை ஒருவரும் போட்டதில்லை. மேலாளர் வெசல் அதைக் கொடுக்கும்போதே கூட ஒரு கொக்கியும் போட்டுத்தான் கொடுத்தார்.

"ஜூன் முடியட்டும் லிமா. சரியா வந்தா ஜாக்கெட் உனக்கு. இல்லேன்னா திரும்ப பூட்ஸ் ரூம்தான்."

சரிவின் நடுவில் இடுக்கு என்று ஓர் இடம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஓடைப் பள்ளம், நடுவில் பனி குறுகி வளையும். அறுநூறு பேரும் அந்த வளைவில் சறுக்கி, சுரண்டி, விழுந்து எழுந்ததில் பத்து மணிக்கெல்லாம் பனி தேய்ந்து வெறும் கண்ணாடி ஐஸ் தெரிந்தது. பத்தரைக்கு ஐஸுக்கு நடுவில் கல் தெரிந்தது. அதற்குள் ஒரு அம்மாளுக்கு மணிக்கட்டு போயிற்று, ஒரு பல் டாக்டருக்குத் தோள்பட்டை இறங்கிற்று. இரண்டு பேரையும் கட்டிக் கீழே கொண்டுபோனது லிமகாட்சோதான். இரண்டாவது தடவை மேலே ஏறும்போது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரிந்தே விழவிடுகிறோமே என்ற எரிச்சல்.

வாக்கி டாக்கியை எடுத்தாள். "சார், இடுக்கை மூடணும். கயிறு கட்டிடறேன். அங்க மட்டும் கட்டையக் கழட்டிட்டு ஓரத்துப் புல்லுல அம்பது அடி நடந்துட்டு, கீழ போய் மாட்டிக்கட்டும்."

"நடக்கவா? டிக்கெட் வாங்கினது நடக்கறதுக்கா? இன்னிக்குத் திறப்பு நாள். கட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு ஜனங்க புல்லுல நடக்கற படம் எல்லார் போன்லயும் ஓடும். அடுத்த வாரம் எவன் வருவான்?"

"கை ஒடைஞ்ச படம் ஓடினா வருவாங்களா சார்?"

"மெதுவா போகவும்னு ஒரு பலகை வை. போதும்."

பலகை வைத்தாள். கால்மணி நேரம் பார்த்தாள். தன் காலே தன் பேச்சைக் கேட்காதவர்கள் பலகை பேச்சையா கேட்கப் போகிறார்கள்? ஒருவன் பலகையின் மேலேயே வந்து மோதி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். லிமகாட்சோ அந்தப் பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இடுக்குக்கு மேலே இரண்டு மூங்கில் நட்டு, மஞ்சள் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

லிஃப்ட் இயக்குகிற செலிசோ கீழேயிருந்து வாக்கி டாக்கியில் பதறினான். "அக்கா, அந்த ஆளு இங்கருந்தே கயித்தப் பாத்துட்டாரு. ஜாக்கெட்டு வந்து அஞ்சு நாளு கூட ஆகல."

"நீ உன் லிஃப்டைப் பாருடா."

நல்லவர்கள் சிலர் முனகிக்கொண்டே நடந்தார்கள். மற்றவர்கள் கயிற்றைப் பார்த்தார்கள், இவளைப் பார்த்தார்கள், குனிந்து நுழைந்தார்கள். அதுவும் எப்படி? தன் வீட்டு வேலிக்குள் நுழைகிற மாதிரி. கை தட்டிக் கூப்பிட்டாள், குறுக்கே நின்றாள். ஒருத்தி அவளைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தாள்.

லிமகாட்சோவின் அப்பா ஊர்த்தலைவருக்காக மேய்ச்சல் நிலம் காத்தவர். புல் வளரட்டும் என்று தலைவர் மூடிவைத்த மேய்ச்சலில் மாடு நுழைந்தால் அவர் கத்தவும் மாட்டார், கல் எறியவும் மாட்டார். ஓட்டிக்கொண்டுபோய்ப் பட்டியில் அடைத்துவிடுவார். மாட்டுக்காரன் வந்து, எந்த இடத்தில் என் மாடு நுழைந்தது என்று தன் வாயால் சொன்னால்தான் பட்டி திறக்கும். இப்போது இடுக்குக்குப் பக்கத்திலேயே வட்டமாகக் கல் அடுக்கிய மாட்டுப்பட்டி ஒன்று இருந்தது. அவள் பெரியப்பாவுடையது. கோடையில் மாடு நிற்கும், குளிருக்கு மாடெல்லாம் கீழே போய்விடும். இப்போது காலி.

சறுக்குக் கட்டையில், பூட்ஸின் குதிங்காலுக்குப் பின்னால் நாக்கு மாதிரி ஒரு நெம்பு இருக்கும். அதை ஊன்றுகோல் முனையால் ஓர் அழுத்து அழுத்தினால் கட்டை காலை விட்டுவிடும். ஆறு வருஷத்தில் ஆயிரக்கணக்கான கால்களுக்கு மாட்டிக் கழற்றியவளுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அடுத்து ஒரு தாடிக்காரன் கயிற்றுக்கடியில் குனிந்தான். பின்னால் போய் டக்கென்று ஓர் அழுத்து. அவன் நிமிர்வதற்குள் ஒற்றைக் கட்டை இவள் கையில்.

"ஏய், என்ன பண்றே?"

"கட்டை மேய்ச்சல் தாண்டிருச்சு. பட்டியில அடைக்கறேன்."

"என்னது?"

"புல்லு வழியா அம்பது அடி நடந்து அந்தக் கல்லுப் பட்டிக்கு வாங்க. கயிறு இருந்துச்சு, பாத்தேன், குனிஞ்சு வந்தேன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. கட்டை கிடைக்கும்."

ஒற்றைக் கட்டையோடு மனிதன் எங்கே போவான்? தாடிக்காரன் கத்தினான், புகார் செய்வேன் என்றான், கடைசியில் நடந்தான். அவனுக்குப் பின்னால் ஏழு, பன்னிரண்டு, இருபது. செலிசோ தன் மச்சானைக் கூப்பிட்டுவிட, அவன் பட்டி வாசலில் உட்கார்ந்து, மக்வென்யா என்கிற எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையை மென்றுகொண்டே ஒவ்வொருவர் வாக்குமூலமும் கேட்டான். முணுமுணுத்தவர்களை, "காதுல விழல, உரக்கச் சொல்லுங்க" என்று திருப்பிச் சொல்லவைத்தான். அதில் அவனுக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க அவன் முயலவே இல்லை. பட்டிச் சுவரில் வண்ண வண்ணமாகக் கட்டைகள் சாய்ந்து நின்றன. ஆனால் பாருங்கள், அந்த ஒரு மணி நேரத்தில் இடுக்கில் ஒருவரும் விழவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வெசல் லிஃப்டில் ஏறி, மேலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து கயிற்றுக்கு முன்னால் பனி தெறிக்க நின்றார். சறுக்குவதில் மன்னன், அதை யாரும் மறுக்க முடியாது. சுற்றிலும் ஐம்பது பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"கயித்த அவுரு. கட்டைகளத் திருப்பிக் குடு. உடனே."

"கயித்த அவுக்க மாட்டேன் சார்."

"அப்ப ஜாக்கெட்டக் கழட்டு."

இதைச் சொல்வார் என்று அவளுக்குக் காலையிலிருந்தே தெரியும். ஆறு வருஷம். பல்லைக் கடித்துக்கொண்டு ஜிப்பை இறக்கினாள், ஜாக்கெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். சறுக்குப் படுக்கையில், காயம்பட்டவர்களுக்குப் போர்த்துவதற்காக வைத்திருந்த தன் கம்பளியை எடுத்துத் தோளில் சுற்றி ஊக்கைக் குத்திக்கொண்டாள். மறுபடியும் கயிற்றுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஜாக்கெட் உங்களோடது, வாங்கிக்கிட்டீங்க. பட்டி எங்க பெரியப்பாவோடது. சரிவுதான் உங்களுக்குக் குத்தகை, பட்டி இல்ல. அதுல இருக்கறத நீங்க கேக்க முடியாது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வெசலின் கழுத்து சிவந்தது. "நல்லா இருக்கற சரிவுக்கு இவ்வளவு நாடகம். எல்லாரும் பாருங்க, எப்படிப் போறதுன்னு" என்று ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கயிற்றுக்கடியில் குனிந்தார்.

லிமகாட்சோ யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். டக்கென்று ஓர் அழுத்து. மேலாளரின் இடது கட்டை அவள் கையில் இருந்தது.

எல்லார் கண்ணும் அந்தக் கட்டை மேலேயே இருந்தது. அந்தச் சந்தில், அதுவரை ஓரமாக நின்ற ஓர் இளைஞன், மேலாளரே போகிறாரே நமக்கென்ன என்று கயிற்றின் மறுமுனையில் நுழைந்து பாய்ந்துவிட்டான். லிமகாட்சோ கத்தினாள். மூன்று வளைவு நன்றாகத்தான் போனான். நான்காவதில் கட்டை கல்லில் சிக்கி, அவன் தனியாகவும் கட்டை தனியாகவும் பறந்து, ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் போய் விழுந்தான்.

அவள் மேலாளரின் கட்டையைப் பட்டிக்குள் எறிந்துவிட்டு, சறுக்குப் படுக்கையைப் புல்லோடு இழுத்துக்கொண்டு ஓடினாள். காறை எலும்பு உடைந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. பயத்தில் அவன் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. கம்பளியைக் கழற்றி அவனுக்குப் போர்த்தி, கையை மார்போடு கட்டி, வெறும் ஸ்வெட்டரோடு அவனைக் கீழே இறக்கிக் கொண்டுபோனாள். வெசல் ஒற்றைக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு புல்லில் நடந்து வந்தார். அந்தப் படத்தை எல்லோரும் எடுத்தார்கள்.

முதலுதவி அறையில் இளைஞனின் தோழி போனை நேராக வெசலின் முகத்துக்கு நீட்டினாள். அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தாள்.

"ஒரே வார்த்தையில சொல்லுங்க. அந்த இடம் மூடியிருந்துச்சா, திறந்திருந்துச்சா?"

வெசல் போனைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். திறந்திருந்தது என்றால் எலும்பு முறிந்த பழி தன் தலையில். வேறு வழியில்லை.

"மூடியிருந்துச்சு. கயிறு கட்டியிருந்தோம்."

கட்டினோமாம். லிமகாட்சோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

"இத வாக்கி டாக்கியில சொல்லுங்க சார்."

"என்ன?"

"கயிறு இருந்துச்சு, பாத்தேன், குனிஞ்சு வந்தேன். உங்க கட்டை இன்னும் பட்டியிலதான் இருக்கு. உங்களுக்குன்னு தனி வழக்கம் கிடையாது."

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வெசல் கெட்டவர் இல்லை. கணக்கில் குறியாக இருக்கிறவர், அவ்வளவுதான். வாக்கி டாக்கியை எடுத்து, எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். லிஃப்ட் அறையிலும், சமையலறையிலும், ஆறு வருஷம் அவள் குனிந்துகிடந்த பூட்ஸ் அறையிலும் அது ஒரே சமயத்தில் கேட்டது. "கயிறு இருந்துச்சு. பாத்தேன். குனிஞ்சு வந்தேன்."

செலிசோவின் குரல் பதிலுக்கு வந்தது. "சரியா கேக்கல சார், இன்னொரு தடவை."

சொன்னார்.

லிமகாட்சோ முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தாள். கம்பளி இளைஞன் மேல் இருந்தது, அதை எடுக்கவில்லை. கதவுக்குப் போனபோது வெசல் தாழ்ந்த குரலில், "ஜாக்கெட் ஆபீஸ் நாற்காலியில கெடக்கு. போட்டுக்க, குளிருது" என்றார்.

"அங்க வந்து எடுத்துக்க மாட்டேன் சார். கயித்துக்கிட்ட அத்தன பேரு முன்னாடி வாங்கினீங்க. அங்கயே கொண்டாந்து குடுங்க."

மறுபடியும் மேலே போனாள். வெயில் இறங்கிவிட்டிருந்தது, காற்று ஸ்வெட்டருக்குள் ஊசியாக இறங்கியது. கயிற்றுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இப்போது எவரும் குனியவில்லை. இறங்கி வந்தவர்கள் கயிற்றைப் பார்த்ததும் தாங்களாகவே கட்டையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வரிசையாகப் புல்லில் நடந்தார்கள். குளிரில் அவளுக்குத் தாடை ஆடியது. வரமாட்டாரோ என்று ஒரு தடவை நினைத்தாள். வராவிட்டால் வராமல் போகட்டும், நாளைக்கும் இங்கேதான் நிற்பேன் என்று அடுத்த தடவை நினைத்தாள்.

மூன்றரை மணிக்கு, கீழிருந்து ஏறிவந்த ஒரே ஆளாக வெசல் தெரிந்தார். எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்த புல்வழியில், கனமான பூட்ஸோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, எதிரே வந்தவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி வந்தார். கையில் சிவப்பு ஜாக்கெட். பாதியில் நின்று அவளை நிமிர்ந்து பார்த்தார், நீ கொஞ்சம் இறங்கி வரக்கூடாதா என்று கேட்பதுபோல.

எதிரே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. குளிர் அப்படி. ஆனாலும் அசையவில்லை. ஐம்பது அடிதானே, நடக்கட்டும்.