வீடு மாறி வந்த குரல்

காய்ச்சலுக்காக மூடிக் கிடந்த பள்ளிக்கூடம் மாசி மாதத்தில் திறந்த அன்று சாயங்காலம், நெசவுக்காரர் வீரபாகுவின் மகள் வள்ளி, தை மாதத்தில் செத்துப்போன தேவகியின் குரலோடு வீடு திரும்பினாள். முகம் வள்ளியின் முகம்தான். காலையில் இழுத்துப் பின்னிவிட்ட சடையும், பாவாடையில் இருந்த சாயக்கறையும் அவளுடையவைதான். "அம்மா, பசிக்குது" என்று அவள் சொன்னபோது தாய் வடிவாம்பாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கூட வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. வள்ளிக்குக் கீச்சென்று மெலிந்த குரல். தறிச் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டுமானால் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவாள். தேவகிக்கோ பத்து வயதிலேயே கரகரத்த குரல், நாள்பட்ட சளி பிடித்த பெரிய மனுஷியைப் போல. தினமும் காலையில் தெருமுனையில் நின்று "வள்ளீ" என்று அவள் ஒரு தடவை கூப்பிட்டால் போதும், தெருவே பள்ளிக்கூட நேரம் ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்ளும். அந்தக் குரலை இன்னொரு குரலோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

அந்தக் காய்ச்சல் கடல் தாண்டி வந்தது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். வந்தவாசி பஸ்ஸில் வந்தது என்று தெருவில் சொன்னார்கள். எப்படி வந்ததோ, அறுபத்தொன்பதாம் வருஷம் பொங்கலுக்குள் காஞ்சிபுரத்துத் தறிகளில் பாதி நின்றுபோயின. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் சாயம் தோய்த்துக் கொடியில் போட்டிருந்த பட்டுக்கும் காய்ச்சல் கண்டது. தொட்டால் சுட்டது, பிறகு வேர்த்து, தானாகவே தணிந்தது. நிறம் மங்கவில்லை என்பதால் முதலாளி அதை எடுத்துக்கொண்டார். தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருந்த தர்மனின் ஒரே மகள் தேவகிக்கு மட்டும் காய்ச்சல் தணியவில்லை. தர்மன் திருப்புட்குழியில் நிலபுலம் இருந்த குடும்பத்துப் பிள்ளை. விவசாயம் பிடிக்காமல் டவுனுக்கு வந்தவர். தேவகியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அவருடைய கடைக்குப் பஞ்சர் ஒட்டக்கூட ஒருவரும் போகவில்லை. அவருடைய மனைவி லோகாம்பாளைக் கண்டால் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். வடிவாம்பாளும் அப்படித்தான் போனாள்.

பள்ளிக்கூடம் மூடியிருந்ததில் வீரபாகுவுக்கு வருத்தம் இல்லை. கரையைத் தனி நாடாவால் உடலோடு கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு, கரைப்பக்கம் உட்கார்ந்து அந்த நாடாவைத் தள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக வள்ளி கிடைத்தாள். வடிவாம்பாளுக்கும் மகள் கண் முன்னால் இருப்பது நிம்மதியாக இருந்தது. ஆனால் நமச்சிவாயம் வாத்தியார் வீடு வீடாக வந்து, "வராத புள்ளைங்க பேர எடுத்துடுவாங்கம்மா, அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் வடிவாம்பாள் மகளின் பைக்குள் வேப்பிலையும் கற்பூரமும் வைத்து அனுப்பினாள். பள்ளிக்கூட வாசலில் அன்று தாய்மார்கள் எல்லோரும் நின்றார்கள். தன் பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. அடுத்தவள் பிள்ளை இருமுகிறதா, மூக்கை உறிஞ்சுகிறதா என்றுதான் பார்த்தார்கள். ஒரு பையன் தும்மியதும் அவன் அம்மா, மிளகாய் வாடை என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

ஆகவே வள்ளி வேறொரு குரலோடு வந்தபோது வடிவாம்பாளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, சந்தேகம். செத்தவளைப் போலப் பேசி விளையாடுகிறாள் என்று முதுகில் ஓர் அடி போட்டாள். அழுகையும் தேவகியின் அழுகையாக வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு பள்ளிக்கூடத்துக் குடிதண்ணீர்ப் பானையைச் சந்தேகித்தாள். எல்லோரும் வாய் வைத்த டம்ளரைச் சந்தேகித்தாள். மதியச் சாப்பாட்டுக்காரியைச் சந்தேகித்தாள். பெரியாஸ்பத்திரி டாக்டர் தொண்டையில் லைட் அடித்துப் பார்த்து, வீக்கம் எதுவும் இல்லை, உப்புத்தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லுங்கள் என்றார். வள்ளி கொப்பளித்தாள். கொப்பளித்த சத்தமும் கரகரவென்றே இருந்தது. கடைசியில் வடிவாம்பாளின் சந்தேகம் தெருக்கோடிக்குப் போய் நின்றது. பெண்ணைப் பறிகொடுத்தவள் எதுவும் செய்வாள், மந்திரிக்கக்கூடச் செய்வாள் என்று நினைத்தாள். இன்று குரல் வந்திருக்கிறது, நாளைக்கு அவளே வந்து, குரல் என்னுடையது, உடம்பையும் கொடு என்று கேட்டால் என்ன செய்வது? வள்ளியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள். வெளியாள் யார் வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக் கரைப்பக்கம் உட்காரவைத்தாள்.

நிறுத்திய நாலாம் நாள் பிற்பகலில் லோகாம்பாளே வாசலில் வந்து நின்றாள். அவள் உள்ளே வரவில்லை. வா என்று வடிவாம்பாளும் சொல்லவில்லை.

"இன்னாக்கா, வள்ளி ஸ்கூலுக்குப் போவலியா?"

"அத்த நீ ஏன் கேக்கற?"

"ஒண்ணுமில்லக்கா. நாலு நாளா சத்தமே கேக்கல. அதான்."

வடிவாம்பாள் கதவை அடைக்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். "எங்க கேக்கல? ஸ்கூலு எங்க இருக்குது, உன் வூடு எங்க இருக்குது? உனுக்கு இன்னா சத்தம் கேக்கும்?"

லோகாம்பாள் முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "ஸ்கூலு தொறந்த அன்னைலேர்ந்து, சாயங்காலம் பெல்லு அடிச்ச கொஞ்ச நேரத்துல, வாசல்ல 'அம்மா, வந்துட்டேன்'னு ஒரு கொரலு. ஆளு கெடையாது. உள்ள வந்து வாய்ப்பாடு சொல்லிக்கினு இருக்கும். வெளக்கு வைக்கச்சொல்லோ நின்னுடும். அது எம் பொண்ணு கொரலு இல்லக்கா. உம் பொண்ணுது. கேட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும். சொன்னா நீ வந்து இட்டுக்கினு பூடுவியேன்னு கதவ சாத்திக்கினு கேட்டுக்கினு இருந்தேன்."

"அடிப்பாவி! எம் பொண்ணு கொரல வூட்ல பூட்டி வச்சிக்கினு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி வந்து நிக்கிறியே!"

வீரபாகு தறியை நிறுத்தினார். நின்ற தறியின் கரைப்பக்கத்திலிருந்து வள்ளி சொன்னாள்: "அவங்கள திட்டாதம்மா."

லோகாம்பாள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். ஓடி வந்து வள்ளியைக் கட்டிக்கொள்வாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்து வடிவாம்பாள் மகளுக்கு முன்னால் போய் நின்றாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. லோகாம்பாள் நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் அத்தே."

"இன்னா சாப்ட்ட?"

"கத்திரிக்கா கொழம்பு."

லோகாம்பாள் தலையை ஆட்டிக்கொண்டு, திரும்பி நடந்து போய்விட்டாள். இவ்வளவு சத்தமில்லாமல் ஒருத்தி போகிறாள் என்றால் மனசில் ஏதோ கணக்கு இருக்கிறது என்றுதான் வடிவாம்பாளுக்குத் தோன்றியது.

மறுநாள் அவளே வள்ளியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள். லோகாம்பாளுக்காக அல்ல, மகளின் குரலைக் கையோடு பிடித்து வருவதற்காக. பெல் அடிக்கும் முன்பே சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். சுவரில் பழைய டயர்கள் தொங்கின. கொடியில் தேவகியின் பாவாடை இன்னும் கிடந்தது. வடிவாம்பாள் எழுந்து கதவுக்குப் பின்னால் பார்த்தாள், அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள், தர்மனைக் கடைக்குப் போய் இருக்கச் சொன்னாள். லோகாம்பாள் எதையும் தடுக்கவில்லை. பெல் அடித்துச் சிறிது நேரத்தில் வாசலில் கீச்சென்று ஒரு குரல் கேட்டது.

"அம்மா, வந்துட்டேன்."

வாசலில் ஆள் இல்லை. ஆனாலும் வடிவாம்பாள் உடனே நம்பிவிடவில்லை. "யாரு நீ?" என்றாள். "வள்ளி" என்றது குரல். "வள்ளின்னா, உன் கீழ்ப்பல்லு வுழுந்துதே, அத்த இன்னா பண்ணோம், சொல்லு."

"கூரை மேல போடச்சொல்லோ அப்பாவோட சாயத் தொட்டில வுழுந்துட்ச்சி. அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னியேம்மா."

அந்த விஷயம் வீட்டில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். வடிவாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அழுதாள். பிறகு எழுந்து, வா, வூட்டுக்குப் போலாம் என்று கன்றுக்குட்டியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டபடி தெருவில் இறங்கி நடந்தாள். பின்னால் ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது குரல் உள்ளே ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. தன் வீட்டுக்கு ஓடிப்போய் வள்ளியை இழுத்து வந்தாள். வள்ளி வாசற்படியை மிதித்ததும் வாய்ப்பாடு நின்றது.

"கூப்புடுடி. உன்னுதுதானே, உங்கிட்ட வரும். கூப்புடு."

வள்ளி கூப்பிடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, தேவகியின் கரகரத்த குரலில், அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "ஸ்கூலு தொறந்த அன்னைக்கு நமச்சிவாயம் சாரு பேரு கூப்டாரு. பழக்கத்துல தேவகின்னும் கூப்ட்டுட்டாரு. ஒருத்தரும் பேசல. சாரு தலைய தூக்கவே இல்ல. அப்டியே நின்னுக்கினு இருந்தாரு. என்னால தாங்க முடியல. நான்தான் 'உள்ளேன் ஐயா'ன்னேன். சொல்லச்சொல்லோ அவ கொரலு வந்துட்ச்சி."

"அதுக்கு இப்ப இன்னா?"

"அவ இருக்கறான்னு சொல்லிட்டேம்மா. இப்ப இல்லன்னு சொல்லச் சொல்றியா?"

லோகாம்பாள் அடுப்படிக்குப் போய் மூன்று டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். வடிவாம்பாள் வள்ளியின் டம்ளரை வாங்கி, முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்து, பிறகுதான் மகளிடம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகும் சந்தேகம் அவ்வளவு லேசில் அவளை விடவில்லை. முதல் வருஷம் முழுக்க, சாயங்காலம் வள்ளியை லோகாம்பாள் வீட்டுக்கு அனுப்பினால் கூடவே போய் உட்கார்ந்திருந்தாள். வள்ளி அங்கே பாடம் படித்தாள், லோகாம்பாள் கேட்டுக்கொண்டிருந்தாள். வள்ளி வருவதற்கு முன்னால் வந்துவிடும் கீச்சுக் குரலை வடிவாம்பாள் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்களும் ஆரம்பத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள் சேர்ந்து கீரை ஆய்ந்தார்கள். வள்ளி பள்ளிக்கூடம் போன நாட்களில் மட்டும்தான் குரல் வரும் என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை வராது. கோடை விடுமுறையில் வரவே வராது. அந்த மாதங்களில் வீடு ஓவென்றிருக்கிறது என்று லோகாம்பாள் திருப்புட்குழிக்குப் போய்விடுவாள். ஆகவே அந்தத் தெருவில் பள்ளிக்கூடத்தை எல்லோரையும் விட அதிகமாகச் சந்தேகித்த வடிவாம்பாள், மகளை ஒரு நாள் நிற்கவிடாதவளாக ஆனாள். வள்ளி பெரியவளானதும், மற்ற வீட்டுப் பெண்களைப்போலப் படிப்பை நிறுத்தித் தறியில் உட்காரட்டும் என்றார் வீரபாகு. "பொண்ணு போவட்டும். கோர்வைக்கு நான் உக்கார்றேன்" என்று சொல்லி வடிவாம்பாள் கரைப்பக்கம் போய் உட்கார்ந்தாள். அவள் தள்ளிய நாடாவில் முதல் சேலையின் கரை கோணிக்கொண்டு போனது. மூன்றாவது சேலையில் நேரானது. வள்ளி பதினோராம் வகுப்பு முடித்து, ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள். அதுவும் பள்ளிக்கூடம்தான் என்று குரல் எடுத்துக்கொண்டது, ஒரு நாளும் தவறவில்லை.

சந்தேகம் எந்த நாளில் அவளை விட்டுப் போனது என்று வடிவாம்பாளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. வள்ளியின் தொண்டையில் தேவகியின் குரல் வளர்ந்து, கனத்து, நிதானப்பட்டது. லோகாம்பாள் வீட்டில் வள்ளியின் குரலும் அதன் மெலிவு மாறாமல் வளர்ந்தது. வாய்ப்பாடு போய், அலுப்பும் வம்பும் பேசத் தொடங்கியது. தர்மனின் கடையில் பஞ்சர் ஒட்ட வருபவர்கள் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டு, விருந்தாளி வந்திருக்கிறார்களா என்று கேட்பார்கள். "நம்ம வள்ளிதாம்பா" என்பார் அவர், டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி.

எழுபத்தெட்டில் வள்ளிக்குத் தென்னேரியில் டீச்சர் வேலை கிடைத்தது. காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினாள். பஸ் வாலாஜாபாத்தில் நின்று, டீ குடித்துவிட்டு வரும் டிரைவருக்காகக் காத்திருந்து, மெதுவாகத்தான் வரும். குரல் பஸ்ஸுக்காகக் காத்திருப்பதில்லை. தென்னேரியில் பெல் அடித்த கொஞ்ச நேரத்தில், "வந்துட்டேன்மா, இன்னைக்கி ஒரே தலைவலி" என்று தெருக்கோடி வீட்டுக்குள் வந்துவிடும். "உக்காரு" என்பாள் லோகாம்பாள். தலைவலி என்று கேட்டதும், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வடிவாம்பாள், ஆய்ந்த கீரையை மடியிலிருந்து முறத்தில் தட்டிவிட்டு எழுந்து, சுக்குத் தட்டிப் போட்டால் பஸ் வருவதற்கும் கஷாயம் ஆறுவதற்கும் சரியாக இருக்கும் என்று வீட்டுக்கு நடப்பாள்.