கதவுப் பிடியில் தொங்கிய துண்டு

தலைமுடி ஒரு மாதத்துக்கு இவ்வளவுதான் வளரும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. குராஷிகே அதை யோசிக்காமல் வேலையில் இறங்கிவிட்டான்.

ஹமாசுகி துறைமுகத்தில், பஸ் நிறுத்தத்தை ஒட்டிய சந்தின் முனையில், ஃபுமியே அம்மாளின் முடிதிருத்தும் கடை இருந்தது. அந்தக் கடைவாசலில் ஒரு பான இயந்திரம் வைக்க அவளிடம் அனுமதி வாங்கவேண்டும். காசு போட்டால் தேநீரோ காப்பியோ விழும் இயந்திரம். ஊரில் மனிதர்களைவிட அதுதான் அதிகம். வெறுமனே உள்ளே போய்ப் பேச்சை எடுத்தால் "யோசிச்சுப் பாக்கறேன்" என்று சிரித்த முகமாக வழியனுப்பி விடுவார்கள். யாரும் யோசிக்கப் போவதில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஆனால் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவனை வேலை முடியும்வரை யாரும் எழுப்ப முடியாது அல்லவா? ஆகவே உட்கார்ந்தான். வாரம் தவறாமல் உட்கார்ந்தான். கோடை முடிவதற்குள் அவன் தலை புத்த பிட்சுவின் தலையாக ஆகிவிட்டது.

"தம்பி, இனிமே வெட்டணும்னா மண்டையைத்தான் வெட்டணும்," என்றாள் ஃபுமியே அம்மாள், கத்தரியை வைத்துவிட்டு.

"அப்ப சவரம் பண்ணுங்கம்மா."

"சவரத்தைக் காலையிலயே பண்ணிட்டு வந்துட்டு என்கிட்ட சவரமா? கன்னம் கண்ணாடி மாதிரி இருக்கு."

"மெஷினுக்குச் சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நிம்மதியா முடி வளத்துக்கறேன்."

பெஞ்சில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கிழவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் சரி என்று சொல்லவில்லை.

குராஷிகேவுக்கு நாற்பத்தாறு வயது. இடம் பிடிப்பதுதான் அவன் பிழைப்பு. நல்ல முனைகளையெல்லாம் வேறு கம்பெனிகள் எப்போதோ வளைத்துப் போட்டுவிட்டன. மிஞ்சியவை பூனைகூட எட்டிப் பார்க்காத இடங்கள். இந்தப் பருவத்துக்குள் உருப்படியாக ஓர் இடம் பிடிக்காவிட்டால் லாரியில் பெட்டி தூக்கப் போ என்று மேலாளர் ஒகிதா சொல்லிவிட்டான். குராஷிகேயின் முதுகு ஏற்கெனவே பழுது.

அவள் தயங்கியதற்கும் காரணம் இருந்தது. அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை வெறும் அலங்காரம்தான். சந்தில் இருக்கும் வயதானவர்கள்தான் வாடிக்கையாளர்கள். அவர்களுக்குத் தலை எதிர்வீட்டு இனுபுஷி. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத் தலைவர். அவர் கல்யாணத்துக்குப் போனால் எல்லாரும் போவார்கள், அவர் குடை எடுத்தால் எல்லாரும் குடை எடுப்பார்கள். அவர் இந்த நாற்காலியில் உட்காரும்வரைதான் கடை.

இலையுதிர்காலத் தொடக்கத்தில் ஒருநாள், எதை நினைத்தாளோ, அவளே ஆரம்பித்தாள்.

"சரி, வெச்சுக்குங்க. உங்க மண்டையைப் பாக்கப் பாவமா இருக்கு. ஆனா ஒரு நிபந்தனை. வெளிச்சம் அடிக்கும், சத்தம் வரும். எதிர்ல மூணு வீடு, பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு வீடு. மெஷின் வந்து எறங்கறதுக்கு முன்னாடி நீங்க நேர்ல போய், தலை குனிஞ்சு, தொந்தரவுக்கு முன்கூட்டியே மரியாதையா ஒரு துண்டு குடுத்துட்டு வரணும்."

"அது எங்க வழக்கம்தானேம்மா."

"நேர்ல. முகத்தப் பாத்து," என்றாள் மறுபடியும்.

குராஷிகே வாசலைத் தாண்டியதும் இரண்டு கையாலும் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். அவ்வளவு சந்தோஷம்.

துண்டு கொடுக்கப் போன நாளில் மழை. காகிதம் சுற்றிய வெள்ளைத் துண்டுகள், ஒவ்வொன்றின் மேலும் கம்பெனியின் பெயர். நான்கு வீடுகளிலும் நல்லபடியாக முடிந்தது. இனுபுஷியின் வீட்டில் மணியை அடித்தான். பதில் இல்லை. மறுபடி அடித்தான். தோளில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒகிதாவின் போன்: "எங்கய்யா நிக்கற? சுகாதார நிலையத்துக்காரங்க பேசலாம்னு சொல்றாங்க, ஓடு!" குராஷிகே துண்டையும் தன் பெயரட்டையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, நனையாமல் இருக்க இரண்டு சுற்றுச் சுற்றி, கதவுப் பிடியில் மாட்டினான். சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்த நினைப்பில் கள்ளம் எதுவும் இல்லை.

சாயங்காலம் ஒகிதா அவனைக் கொண்டாட இழுத்துக்கொண்டு போனான். மறுநாள் போக வெட்கமாக இருந்தது. அதற்கும் மறுநாள் மறந்தே போயிற்று.

"எல்லாரையும் பாத்துட்டீங்களா?" என்று ஃபுமியே அம்மாள் கேட்டபோது, "பாத்தாச்சும்மா," என்றான்.

"எதிர்வீட்டு ஐயா என்ன சொன்னாரு?"

"சரின்னுதான் சொன்னாரு."

இயந்திரம் வந்து இறங்கியது. அவள் காலையில் கடைவாசலைப் பெருக்கும்போது அதன் முகத்தையும் துடைத்துவிடுவாள். குளிர் ஏற ஏறச் சூடான காப்பியும் டப்பாவில் அடைத்த சோள சூப்பும் சக்கைப்போடு போட்டன. பருவத்தின் சிறந்த இடம் என்று ஒகிதா எல்லார் முன்னாலும் அவன் முதுகில் தட்டினான், பழுதான இடத்திலேயே.

ஆண்டுக் கடைசியில், இம்முறை உண்மையாகவே முடி வளர்ந்து, குராஷிகே கடைக்குப் போனான். பெஞ்சு காலியாக இருந்தது. செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் ஃபுமியே அம்மாளே உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நாற்காலியைத் தட்டிவிட்டாள்.

"என்னம்மா, யாரையும் காணோம்?"

"குளிரு," என்றாள்.

முடியை வெட்டி முடித்து, நாற்காலியைச் சாய்த்து, முகத்தில் நுரை பூசினாள். கத்தி கழுத்துக்கு வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"எதிர்வீட்டு ஐயா இலையுதிர்காலத்துலேர்ந்து வரல. அவர் வராததால மத்தவங்களும் வரல. வழியில பாத்தா குனிஞ்சு வணக்கம் சொல்றாரு, குளிரு ஜாஸ்திங்கறாரு. கோவமாவும் தெரியல. ஆனா ஒண்ணு தம்பி. சங்கத்து அறிவிப்புப் பலகை வீடு வீடா சுத்தி வருமே, அது அவர் வீட்டுலேர்ந்து என் வீட்டுக்கு வரணும். முன்னெல்லாம் மணி அடிச்சு, கையில குடுத்து, ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவாரு. இப்ப ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு கதவுப் பிடியில மாட்டிட்டுப் போயிடறாரு. நனையாம இருக்க ரெண்டு சுத்து சுத்தி."



"அம்மா, கத்தியைக் கொஞ்சம் எடுங்க."

எடுத்தாள். சொல்லிவிட்டான். மழை, போன், பை, சாயங்காலம் போகலாம் என்று நினைத்தது, போகாதது, பார்த்துவிட்டதாக அவளிடம் சொன்னது, எல்லாவற்றையும் கூரையைப் பார்த்தபடியே சொன்னான்.

அவள் கத்தியைத் துணியில் துடைத்தாள். வெளியே இயந்திரத்தில் யாரோ காசு போட்டார்கள். டப்பா விழும் சத்தம் கேட்டது.

"அசையாதீங்க," என்று சொல்லிவிட்டு மிச்சச் சவரத்தைச் செய்தாள். ஒரு கீறல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

முகத்தைத் துடைத்துவிட்ட பிறகுதான் வாய் திறந்தாள். "எங்க வீட்டுக்காரர் போனப்ப கடையை மூடிடலாம்னு இருந்தேன். காரியம் முடிஞ்ச மறுநாளே ஐயா வந்து இந்த நாற்காலியில உக்காந்து, வெட்டுன்னாரு. அழுதுகிட்டே வெட்டி, காதுல கீறிட்டேன். ஒரு வார்த்தை சொல்லல. அப்படிப்பட்ட மனுஷன்கிட்ட, மெஷினால தொந்தரவா இருக்கான்னு நான் வாயைத் தொறந்து கேக்கவே இல்ல. நீங்க பேசி முடிச்சாச்சு, மறுபடி கேட்டா நச்சரிக்கற மாதிரி இருக்கும்னு."

"இப்பவே போய் மன்னிப்புக் கேட்டுடலாம்மா. வாங்க ரெண்டு பேரும் போவோம்."

"இப்ப நான் போனா என்ன ஆகும்? இத்தன நாள் தெரிஞ்சே கம்முனு இருந்துட்டு, கடை காத்தாடினதும் ஓடி வராளேன்னு ஆகும். நீங்க போங்க. நான் வரல."

மறுநாள் குராஷிகே விலை உயர்ந்த பயற்றம் பலகாரப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனான். இனுபுஷி கம்பளித் தொப்பியோடு கதவைத் திறந்தார். குராஷிகே வாசற்படியிலேயே மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தான்.

"அடடா, எழுந்திருங்க, எழுந்திருங்க! என்ன இது?"

"அன்னிக்கு உங்களை நேர்ல பாக்காம துண்டை மாட்டிட்டுப் போனது என் தப்புங்கய்யா."

"அன்னிக்கு வீட்டுல இல்லாதது நான்தானே? நல்ல துண்டு. முகம் துடைக்க அதைத்தான் வெச்சிருக்கேன். மெஷினும் சௌகரியமா இருக்கு. தினம் தேநீர் வாங்கறேன்."

"ஃபுமியே அம்மா மேல எந்தத் தப்பும் இல்லீங்க..."

"யாரு தப்புன்னு சொன்னாங்க?" என்று கேட்டு அவர் சிரித்தார்.

நேரில் பார்த்துவிட்டதாக அவளிடம் பொய் சொன்னதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்தான். ஆனால் அதைச் சொன்னால் கம்பெனியின் பெயர் கெடும், ஒகிதாவுக்குப் போகும், லாரி. தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டான். இதற்குக் கோழைத்தனம் என்பதைவிட நல்ல பெயர் எதுவும் இல்லை. இனுபுஷி பலகாரப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இரண்டு நாளில் கம்பெனிக்கு ஒரு தேயிலைப் பெட்டி வந்தது, நன்றியோடு. பலகாரத்துக்கு ஏற்ற விலை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொடுத்ததற்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மறுபடி அவர் வீட்டு மணியை அடிக்க இனிக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை.

இயந்திரத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு ஒகிதா சிரித்தான். "அங்க வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுது. எடுக்கறதாம்! குளிர்ல உனக்குப் பித்தம் ஏறிடுச்சா?" ஒப்பந்தத்துக்கு இன்னும் வருஷக்கணக்கில் காலம் இருந்தது. அது மட்டுமல்ல. வாங்கியவர்களெல்லாம் சந்துக்காரர்கள்தான். கடைக்குள் காலெடுத்து வைக்காதவர்கள் கடைவாசலில் நின்று சூப் குடித்தார்கள். குடித்த டப்பாவைக் கழுவிய மாதிரிச் சுத்தமாகத் தொட்டியில் போட்டுவிட்டு, கண்ணாடிக்குள் நிற்கிறவளுக்குக் குனிந்து வணக்கமும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வசந்தத்தில் ஃபுமியே அம்மாள் கடையை மூடினாள். ஒகயாமாவில் தங்கை இருந்தாள், அங்கே போகிறாளாம். மூட்டை கட்டும்போது குராஷிகே போய் நின்றான். கத்திகளைத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"முடி நல்லா வளந்திருக்கு," என்றாள். "வேற எடத்துல வெட்டிக்குங்க."

எதற்காக வந்திருக்கிறான் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. வீடு கைமாறுவதற்குள் இயந்திரம் அங்கேயே நிற்க அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கி வரும்படி ஒகிதா அனுப்பியிருந்தான். குராஷிகே அந்தக் காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"மெஷின் இருக்கட்டும் தம்பி. பஸ்ஸுக்கு நிக்கறவங்களுக்கு வெளிச்சமா இருக்கும்," என்று சொல்லிக் காகிதத்துக்காகக் கையை நீட்டினாள். மாதக்கணக்கில் தலையைக் கொடுத்து வாங்கிய அனுமதி, இம்முறை கேட்காமலே கிடைத்தது. பஸ் நிறுத்தம்வரை அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனான். அவ்வளவுதான் அவனால் செய்ய முடிந்தது.

கோடைத் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் இயந்திரத்தைப் பார்வையிடப் போனான். மூடிய கடையின் வாசலில், முடிதிருத்தும் கடைக்கு அடையாளமான சுழல்விளக்கு அணைந்து கிடந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இனுபுஷி சில்லறையோடு வந்தார். தொப்பி இல்லை. வெள்ளை முடி காதை மூடி, கழுத்துப்பட்டையில் புரண்டுகொண்டிருந்தது. குராஷிகே முதலில் வேறு யாரோ என்று நினைத்துவிட்டான்.

"ஐயா, முடி..."

"வேற நாற்காலியில உக்காந்து பழக்கமில்ல." ஒரு தேநீர் வாங்கினார். திறக்காமல் கையில் வைத்துக்கொண்டார். "உங்ககிட்ட நேரா சொன்னா என்ன, நீங்க வெளியூர்க்காரர். ஒரு வார்த்தை போதும். 'ஐயா, மெஷின் வைக்கப் போறேன்.' ரோட்டைத் தாண்டி வந்து அதைச் சொல்ல அந்த அம்மாவுக்கு முடியலியேன்னுதான் வருத்தம். ஒவ்வொரு நாளும் மணி அடிக்கும்னு இருந்தேன். அடிச்சிருந்தா, அன்னிக்கே போய் உக்காந்திருப்பேன்."

"அவங்களுக்குத் தெரியாதுங்கய்யா," என்றான் குராஷிகே. "உங்களைப் பாத்துட்டேன்னு, நீங்க சரின்னுட்டீங்கன்னு, நான் அவங்ககிட்ட பொய் சொல்லியிருந்தேன்."

இனுபுஷி அவனைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று குராஷிகே காத்திருந்தான், ஏங்கினான் என்றே சொல்லலாம்.

"பலகாரத்தோட வந்தப்ப, இதைச் சொல்லலியே நீங்க."

"சொல்லலீங்க."

"அப்ப கடை இருந்துச்சு," என்றார் அவர், மெதுவாக.

தேநீரை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு மூடிய கடையின் கதவுக்குப் போனார். சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். முடியைக் கையால் பின்னால் ஒதுக்கினார். பிறகு மணியை அழுத்தினார்.

கடைக்கு மின்சாரத்தைத் துண்டித்து, இயந்திரத்துக்கு மட்டும் தனியாக இழுத்திருந்தான் ஒகிதா. மணி அடிக்கவில்லை. இனுபுஷி இன்னொரு தடவை அழுத்திவிட்டு, யாரோ வந்து திறக்கப் போகிறார்கள் என்பதுபோல ஒரு எட்டுப் பின்னால் வந்து நின்றார்.