முதல் இரண்டு மாதம் வாடகை இல்லை

லிஃப்ட் மெக்கானிக் அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில் வீட்டைப் பார்ப்பதற்கு முன் லிஃப்டைத்தான் பார்த்தார். நாற்பது நிமிடம் மேலும் கீழும் போய்வந்தார். அவர் காது அப்படி. நான்காம் மாடியில் லிஃப்ட் லேசாக இருமினால், எந்தப் பல்சக்கரத்துக்குச் சளி என்று தரையில் நின்றே சொல்லிவிடுவார். மூன்று மாதமாக ஓடாத லிஃப்ட் ஒன்று இவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே ஓடத் தொடங்கியதாம், பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு நுணுக்கமானவர், வாடகை ஒப்பந்தத்தின் ஏழு பக்கங்களையும் ஒரே புரட்டாகப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் பேனாவை வைத்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் பழைய வீட்டைக் காலி செய்தாக வேண்டும். மனைவிக்கு ஏழாம் மாதம். இங்கேயோ பதினெட்டு மாத ஒப்பந்தம், முதல் இரண்டு மாதம் வாடகையே இல்லை. ஆனால் சலுகை இன்று ஐந்து மணி வரைதான் என்று கட்டட மேலாளர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். மணி நாலு நாற்பது.

அந்நேரம் மனைவி போனில் கூப்பிட்டாள். எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். நடுவில் காலி செய்தால் இலவசமாக விட்ட இரண்டு மாத வாடகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரி வந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. மேலாளர் ஜன்னல் வழியே ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பறவை இல்லை.

"ஏங்க, உங்க கம்பெனி உங்கள எந்த ஊர்லயாவது ஒரு வருஷம் முழுசா விட்டு வெச்சிருக்கா?"

இல்லை. கட்டடம் முளைக்கிற இடத்துக்கெல்லாம் அவரைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவள் அடுத்து வாடகையைக் கேட்டாள். பன்னிரண்டாயிரம். எதிர்க் கட்டடத்தில் இதே அளவு வீடு பத்தாயிரத்துக்குப் போனதை நினைவூட்டி, பதினெட்டு மாதத்துக்கும் பெருக்கிப் பார்க்கச் சொன்னாள். பெருக்கினார். இரண்டு மாதம் இலவசமாக இருப்பதற்குப் பன்னிரண்டாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

மணி நாலு ஐம்பத்தைந்து. பேனாவைக் கீழே வைத்தால் வெள்ளிக்கிழமை பிள்ளைத்தாய்ச்சியோடு தெருவில் நிற்க நேரலாம். ஆனாலும் வைத்தார். இலவசம் வேண்டாம், மாத வாடகையைக் குறையுங்கள், ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டுக் காலி செய்யலாம் என்று எழுதுங்கள் என்றார். அந்த வழக்கமே இல்லை என்றார் மேலாளர். மெக்கானிக் எழுந்தார். கடிகாரம் ஐந்தைத் தாண்டியது. கட்டடம் இடிந்து விழவில்லை.

அவர் கதவைத் தொட்டபோது, காலியாகக் கிடந்த முப்பது வீடுகள் மேலாளரின் கண்முன் வந்தனவோ என்னவோ, "உக்காருங்க சார், பேசலாம்" என்றார். பத்தாயிரத்து ஐந்நூறில் முடிந்தது. கேட்ட நிபந்தனையும் எழுத்தில் ஏறியது. ஏழு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்த பிறகே மெக்கானிக் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் ஒரு தம்பதி மூச்சிரைக்க வந்து, இங்கே இரண்டு மாதம் இலவசமாமே, இன்னும் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டார்கள்.

"இருக்கு சார். சும்மா குடுக்குறத மட்டும் எண்ணாதீங்க. நடுவுல போனா அதுக்கு என்ன கேப்பாங்கன்னு படிங்க, மொத்தத்தையும் பெருக்கிப் பாருங்க, அப்புறமா கையெழுத்துப் போடுங்க. நேரமாச்சுன்னு அவசரப்படுத்தினாங்கன்னா, இன்னொரு தடவ படிங்க."